மூக்குத்திக் கல்லும் பென்சில் கரியும்

பூண்டுலோயாவிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா கொடுத்தனுப்பிய ஒற்றைக்கல் மூக்குத்தியை அப்பா மறுபடியும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அக்கா அதைப் போட்டுக்கொண்டால் கல்யாணம் உறுதி. கல் போலியென்றால் திருப்பி அனுப்பிவிடுவார், சம்பந்தமும் அத்தோடு சரி. அக்காவுக்கோ வட்டகொடை ஸ்டேஷனில் பார்த்த அந்த மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்துப் போயிருந்தது.

அறுபதுகளின் தொடக்கம். காலேஜ் லீவில் வந்திருந்த நான் சும்மா இருந்திருக்கலாம். "வைரமும் பென்சில் கரியும் ஒண்ணுதாம்பா," என்றேன்.

விளக்கமும் கொடுத்தேன். சாதாரணமாக ஒரு கரி அணு பக்கத்திலுள்ள மூன்று அணுக்களைத்தான் பிடித்துக்கொள்ளும். ஏடு ஏடாக அடுக்கி நிற்கும். அதனால்தான் பென்சில் தாளில் வழுக்குகிறது. பயங்கரமாக அமுக்கிச் சூடேற்றினால் அதே அணு நாலு பேரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதுதான் வைரம். அமெரிக்காவில் மெஷினிலேயே செய்கிறார்கள்.

அப்பா தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. கூடைக் கொழுந்துக்குள் முற்றல் இலை தேடியே பழகிய கண்.

"அமுக்குனா வைரமாகுமாக்கும்? தொரை அமுக்குற அமுக்குக்கு, காலையில பேர் கூப்புடுற பெரட்டுல நிக்கிற ஆளுக பூரா மின்னணுமே!" சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். "அப்ப இது மெஷின் கல்லா?"

"மெஷின்ல தூளுதாம்பா வருது. இவ்வளவு பெருசு வராது."

"அப்ப கண்ணாடியேதான்!"

"ஊதிப் பாப்போம். வைரம்னா மூச்சு ஆவி ஒடனே போயிரும்."

வாசலில் நின்று ஊதினேன். ஆவி போகவேயில்லை. அப்பா மூக்குத்தியைக் காகிதத்தில் மடிக்கத் தொடங்கினார்.

அக்கா அதைப் பிடுங்கினாள். "மூடுபனில நின்னு ஊதுனா எதுடா காயும்? ஒந் தலைமயிரே சொட்டுது, படிச்ச மாடு!"

அடுப்படிக்குப் போனோம். என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கல்லையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஊதினேன். கல் உடனே பளிச்சென்றது. மூக்குக் கண்ணாடி இன்னும் வெளுத்தே கிடந்தது.

அப்பா மூக்குக் கண்ணாடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எங்கடா வாங்கினே?"

"கண்டியிலப்பா."

"கடைக்காரன் நல்லவனா?"

அதற்குள் அக்கா மூக்குத்தியைப் போட்டுத் திருகாணியை முறுக்கிவிட்டிருந்தாள். அவள் சோறு போடக் குனிந்தபோதும் அப்பா அந்த மூக்கையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.