மொட்டைக்குப் பொருந்தும் டை

டையின் நுனி பெல்ட் பக்கிளின் நடுவில் நிற்கிறதா என்று வெங்கடபதி ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்க்கிறார். கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அவிழ்த்து மறுபடி முடிச்சுப் போடுகிறார். காலையிலிருந்து இதே வேலை.

"பம்பா செக் பண்றீங்க? டைதானுங்க அது," என்கிறார் மனைவி ராமாமணி.

"ரிஜெக்ட் பண்றவன் இதைத்தான் அம்மணி மொதல்ல பார்ப்பான்."

நாற்பத்தாறு வயது. பீளமேட்டில் வாடகை வீடு. பம்ப் கம்பெனி ஒன்றில் தர ஆய்வாளராக இருந்தார். கம்பெனி கைமாறியதும் வேலை போனது. பழக்கம் போகவில்லை. டீ கிளாஸ் கைக்கு வந்தால் விளிம்பை நகத்தால் ஒரு சுற்றுத் தடவி, பிசிறு இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். யாரிடமும் 'ங்க' போடாமல் பேசியதில்லை. கதவு மூடுகிறது என்று லிஃப்ட் சொன்னால், அதற்கும் "சரிங்க" என்பார்.

இன்டர்வியூவுக்குச் சட்டை, பேண்ட், ஷூ எல்லாம் தேறிவிட்டன. தலைதான் தேறவில்லை. அப்பா இறந்து கருமாதி முடிந்த கையோடு முதல் அழைப்பு வந்தது. மொட்டைத் தலை, மீசையில்லாத உதடு. பயோடேட்டா படத்திலோ முடியும் மீசையும் செழிப்பாக இருந்தன. புதுப் படம் எடுக்கப் போனபோது, ஸ்டூடியோக்காரர் இரக்கப்பட்டுக் கம்ப்யூட்டரில் முடி வைத்துக் கொடுத்தார். யாருடைய முடியோ, வகிடு வலது பக்கம் இருந்தது.

"நல்ல காரியத்துக்குப் போறப்ப எழவுப் பேச்சு எடுக்காதீங்க," என்றார் ராமாமணி. "மொட்டை ஏதுன்னு கேட்டா, திருப்பதின்னு சொல்லிப்போடுங்க."

சொன்னார். அந்தக் கம்பெனியில் அதிகாரிகள் பயோடேட்டாவை மூடி வைத்துவிட்டு, "லட்டு எங்கீங்க?" என்றார்கள். லட்டு இல்லாமல் திருப்பதியிலிருந்து திரும்பியவனை நம்பி எந்திரத்தை ஒப்படைப்பதா என்பதுபோல் ஒருவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த இடத்துக்கு ஃபைலோடு லட்டும் போனது. ஸ்வீட் கடையில் வாங்கி, முந்திரியும் கற்கண்டும் பச்சைக் கற்பூரமும் வீட்டில் வைத்து அமுக்கியது. எல்லா உருண்டைகளையும் தராசில் நிறுத்து ஒரே எடைக்குக் கொண்டுவந்திருந்தார். அங்கே எல்லோரும் ஷூவைக் கழற்றி, எழுந்து நின்று, கண்ணில் ஒற்றிச் சாப்பிட்டார்கள். பிரசாதம் தின்ற கையால் ஃபைலைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை.

மூன்றாவது இன்றைக்கு, கணபதியில் ஒரு பம்ப் தொழிற்சாலையில். "இதுவும் போச்சுன்னா அன்னூர்ல எங்கண்ணன் ஊட்டுக்குத்தான் போகோணும். அவன் கோழிப்பண்ணைல முட்டை பிரிக்கற வேலைதான் உங்களுக்கு," என்று ராமாமணி வாசலிலேயே சொல்லி அனுப்பினார். வெங்கடபதி டையை மறுபடி நேராக்கிக்கொண்டார். எந்த இரண்டு முட்டையும் ஒரே அளவில் இருக்காது.

முதலாளி மயில்சாமி எழுபதைத் தாண்டியவர். லட்டைக் கண்டதும் செருப்பைக் கழற்றினார்.

"ஆரு கூடப் போனீங்க?"

"அப்பா கூடங்க." யோசிக்காமல் வந்துவிட்டது.

"அவருக்கு என்ன வயசு?"

"எழுவத்தெட்டுங்க."

"பஸ்ல ஏறிப் போனீங்களாக்கு?"

"இல்லீங்க. படியேறித்தானுங்க."

"அந்தச் செங்குத்துப் படியுமா?"

"அதுல மட்டும் என் தோளைப் புடிச்சுக்கிட்டாருங்க. மேல போனதும், 'என்னடா, உனக்குத்தான் மூச்சு வாங்குது'ன்னு சிரிச்சுப்போட்டு, எனக்கு டீ வாங்கித் தந்தாருங்க."

அப்பா கடைசி இரண்டு வருடம் கட்டிலை விட்டு இறங்கியதில்லை. ஆனாலும் வெங்கடபதி நிறுத்தவில்லை. வழியில் மழை பெய்தது, அப்பா துண்டைத் தலையில் போட்டுக்கொண்டது, மான் பார்த்தது என்று சொல்லிக்கொண்டே போனார். டை ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டது. அவர் கவனிக்கவில்லை.

மயில்சாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. லட்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். "திங்கக்கெழமை வந்துருங்க. அதுக்கு முன்னால, அப்பேர்ப்பட்ட மனுசன்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசோணும். போனைப் போடுங்க."

பெரியவர்கள் கேட்டு, இல்லை என்று சொல்லி வெங்கடபதிக்குப் பழக்கமில்லை. போட்டார்.

மணி அவருடைய பேண்ட் பைக்குள்ளேயே அடித்தது. அப்பாவின் பட்டன் போன். இறந்த நாளிலிருந்து, அதற்குத் தவறாமல் சார்ஜ் போட்டுக் கூடவே எடுத்துப் போகிறார். மயில்சாமி பையைப் பார்த்தார். மொட்டையைப் பார்த்தார். மீசை இருந்த இடத்தைப் பார்த்தார். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

வெங்கடபதி எழுந்து, அடித்துக்கொண்டிருந்த போனை வெளியே எடுத்து, இரண்டு கைகளாலும் அவரிடம் நீட்டினார்.