ஸ்டெல்லா அக்காவின் புதன்கிழமை பிரியாணி

புதன்கிழமை காலை. ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனி கேன்டீனில் மீல் மேக்கரை வெந்நீரில் போட்டுவிட்டு அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஷாஹிதாவின் போன் வந்தது. "ஸ்டெல்லாக்கா போய்ட்டாங்க" என்றாள். அன்று உப்பு போட்டேனா இல்லையா என்று திரும்பத் திரும்ப ருசி பார்த்தேன். இன்றும் அப்படித்தான் இருக்கிறேன்.

அக்காவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் தையல் பிரிவில் ஒரு லைனுக்கு சூப்பர்வைசர். ஒடுகத்தூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். தையல் கோணினால் லைனே அதிரத் திட்டுவார்; திட்டிய கையோடு டீயும் வாங்கிக் கொடுப்பார். முதல் மிஷினில் உட்காரும் ஷாஹிதா அவருக்குக் கூடப் பிறக்காத தங்கை. இருவரும் ஒரே தட்டில் சாப்பிடாத குறைதான்.

மார்பில் கட்டி என்று வேலூரில் ஆபரேஷன் செய்துகொண்டு அக்கா வேலைக்குத் திரும்பினார். பெண் ஹார்மோனைக் கொண்டு வளரும் வகையாம். அதைத் தடுக்க தினமும் ஒரு மாத்திரை. அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு புண்ணியவதி, சோயா புற்றை வளர்க்கும் என்று போனில் வீடியோ அனுப்பிவிட்டாள். மீல் மேக்கர் சோயாதானே! லைனே திரண்டு கேன்டீனுக்கு வந்துவிட்டது. "அக்காவுக்கு ஆவாதது எங்க யாருக்கும் வேணாம்" என்றாள் ஷாஹிதா. புதன்கிழமை மீல் மேக்கர் பிரியாணி நின்றுபோனது. அக்காவுக்கோ அதுதான் உயிர். "நோவு எனக்கா, உங்களுக்கா? பேஜார் புடிச்சவளுங்க" என்று கத்தினார். ஒருத்தியும் அசையவில்லை.

மாத்திரையால் அக்காவுக்கு உடம்பு குப்பென்று கொதிக்கும், வேர்த்துக் கொட்டும். பார்க்கச் சகிக்காமல் ஷாஹிதா மருந்துக்கடையிலிருந்து பெண்களுக்கான இயற்கை காப்சூல் என்று ஒரு டப்பா வாங்கி வந்தாள். அக்காவும் சில வாரம் சாப்பிட்டார். ஒருநாள் டப்பாவைத் திருப்பிப் படித்தவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்தவே இல்லை. உள்ளே இருந்தது சோயாச் சாறு.

"சட்டில இருந்தா விஷம், டப்பால இருந்தா மருந்தா? இன்னாடி நியாயம் இது?"

ஷாஹிதா சிரிக்கவில்லை.

அடுத்த செக்கப்புக்கு அக்கா, ஷாஹிதா, நான் மூவருமாகப் போனோம். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். சோயாவில் இருப்பது ஹார்மோன் சாயல் கொண்ட தாவரப் பொருள். ஆய்வுக்கூடத்து எலிகளுக்கு அது கட்டியை வளர்த்தது உண்மை. ஆனால் சோயாவைச் சாப்பாடாகச் சாப்பிடும் பெண்களிடம் அந்தக் கெடுதலைப் பார்க்கவில்லை, அளவாகச் சாப்பிடலாம். சாறெடுத்த காப்சூல் மட்டும் வேண்டாம், அதைப் பற்றி உறுதியாகச் சொல்வதற்கில்லை. அந்த வாரமே பிரியாணி திரும்பி வந்தது.

பிறகு நோயும் திரும்பி வந்தது, எலும்பில். காப்சூலாலா, காப்சூலாலா என்று ஷாஹிதா டாக்டரம்மாவைத் துளைத்தாள். "அதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. எதுவும் சாப்பிடாதவங்களுக்கும் திரும்பி வருது" என்றார் அவர். அந்தப் பதில் ஷாஹிதாவுக்குப் போதவில்லை. எனக்கும்தான். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம் பொல்லாதது. ஷாஹிதா மீல் மேக்கரைத் தொடுவதையே விட்டாள்.

கடைசியாகப் பார்க்கப் போனபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நோவு என்னோட போவட்டும். அவ அதைத் தூக்கிக்கினு திரிய வேணாம். புதன்கிழமை அவளைச் சாப்பிட வை. உன் பொறுப்பு."

அடக்கத்துக்குப் பிறகு வந்த புதன்கிழமை, ஷாஹிதா தட்டை நீட்டியதும் மீல் மேக்கராகப் பார்த்து அள்ளி வைத்தேன்.

"வேணாம்."

"அக்கா சொல்லிட்டுப் போயிருக்காங்க."

லைன் முழுவதும் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு அவளையே பார்த்தது. ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தாள். மென்றுகொண்டே அழுதாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "உப்பு கம்மி" என்றாள். அடுத்த துண்டையும் எடுத்தாள்.

ஸ்டெல்லாக்கா, அவ சாப்பிட்டுட்டா. நீங்க போய்ட்டு வாங்க.