அம்மாவின் கைபேசியில் ஓடிய கார்

"மொகம் தெரியாத ஆம்பள ஓட்டுற வண்டில தனியா குந்திக்கினு போறதுக்காடி உன்னப் படிக்க வெச்சேன்?"

அம்மா இதைக் கேட்டது, நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதத்தில். கண்டோன்மென்ட் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அம்மா நாங்கள் இருக்கும் சந்தாபுராவின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பாத்திரம் தேய்த்துத்தான் என்னை லேப் டெக்னீஷியன் ஆக்கினாள். வெள்ளைக் கோட்டில் தைத்திருக்கும் என் பெயரை இன்றும் போடும்போதெல்லாம் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்வேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அந்தக் கோட்டை ஏழு மணிக்குள் போட்டாக வேண்டும். சர்க்கரைப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் அதற்கு முன்பே வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்துக்குப் போய்ச் சேரும் ரயில் எங்களுக்கு ஒன்றுதான். எக்ஸ்பிரஸ் ஏதாவது வந்தால் அது ஒதுங்கி வழிவிட்டு நிற்கும். உள்ளே நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இரண்டு முறை தாமதமானதும் மேனேஜர் கூப்பிட்டு, இன்னொரு முறை நடந்தால் வேலை நிரந்தரமாகாது என்று சொல்லிவிட்டார். அன்றுதான் டாக்ஸிக்கு மாறினேன்.

அம்மாவைச் சமாதானப்படுத்த ஒரு வழி கண்டுபிடித்தேன். காரில் ஏறியதும் பயண லிங்க்கை அவள் போனுக்கு அனுப்பிவிடுவேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் சின்னக் கார் பொம்மை ஒன்று கோட்டின் மேல் ஊர்வது தெரியும். "கார் நகர்ந்தா நான் நல்லா இருக்கேன்னு அர்த்தம், அவ்ளோதான்" என்று சொல்லிக் கொடுத்திருந்தேன்.

அதன் பிறகு கார் நின்ற இடத்திலெல்லாம் போன் வந்தது.

"ஏன்டி நிக்கிது?"

"சிக்னல்மா."

"இம்மா நேரமாடி சிக்னலு?"

ஒரு ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "அம்மாவா மேடம்? என் ஒய்ஃப் கூட இப்டி செக் பண்றதில்ல."

நானும் சிரித்து வைத்தேன். என் பயத்தை அம்மாவிடம் சொன்னதில்லை. வண்டி எண்ணை இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன். பையை மடியிலேயே வைத்திருப்பேன். தெரியாத சந்தில் கார் திரும்பினால் கை தானாகக் கதவின் கைப்பிடிக்குப் போகும். அதை எடுப்பதற்குள் அடுத்த திருப்பம் வந்துவிடும்.

மழை விட்ட ஒரு காலை. ஓசூர் ரோட்டில் நேராக வந்துகொண்டிருந்த கார், ஆடுகோடி என்ற இடத்தில் திடீரென்று இடப்பக்கச் சந்துக்குள் திரும்பியது. இரண்டு பக்கமும் ஒர்க்‌ஷாப்புகள், எல்லாம் ஷட்டர் இறக்கியவை. ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். "ஒன் மினிட் மேடம், ஸ்வல்ப இருங்க" என்று இறங்கி, திரும்பிப் பார்க்காமல் சந்தின் முனையில் மறைந்தார்.

போன் அடித்தது. "சிக்னல்மா" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. போனை வைத்துவிட்டுக் கதவைத் திறக்கப் போனேன். திறக்கவில்லை. அந்தப் பக்கக் கதவும் திறக்கவில்லை. கண்ணாடியும் இறங்கவில்லை. கைப்பிடியைத் திரும்பத் திரும்ப இழுத்தேன். பிறகு முன் இருக்கைகளுக்கு நடுவே உடம்பை நுழைத்து, சுடிதார் எதிலோ மாட்டிக் கிழிய, முன் கதவைத் திறந்து ரோட்டில் கால் வைத்தேன்.

ஓட்டுநர் எதிரே வந்துகொண்டிருந்தார். "ஏன் மேடம் எறங்கிட்டீங்க? டயர்ல காத்து போயிட்டிருக்கு. பஞ்சர்க்காரன எழுப்பிட்டு வரேன்."

"கதவு ஏன் தொறக்கல?"

"ஓ, அது சைல்டு லாக், பின்கதவு உள்ளேர்ந்து தொறக்காது. நேத்து என் பையன் பின்னாடி ஒக்காந்தான். எடுக்க மறந்துட்டேன்."

உண்மையாக இருக்கலாம். டயரைக் குனிந்து பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. மெயின் ரோட்டுக்கு ஓடி ஆட்டோ பிடித்தேன். பயணத்தை முடிக்கச் சொல்ல வேண்டும் என்பதே தோன்றவில்லை.

நல்லவேளை, ஏழு அடிக்கும்போது கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். முதல் ஆள், லிங்கராஜபுரத்திலிருந்து வரும் ஒரு பெரியவர். "சீக்கிரம் சிஸ்டர், வயித்துல ஓடுன எலியெல்லாம் செத்துப்போச்சு" என்றார். ரத்தம் எடுக்கும்போது போன் லாக்கரில் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. முதல் குத்திலேயே நரம்பு கிடைக்க வேண்டும் என்பதைத் தவிர வேறெதையும் நான் நினைக்கவில்லை.

கூட்டம் கொஞ்சம் குறைந்த நேரத்தில் வரவேற்பறைப் பெண்ணின் குரல் கேட்டது. "டெஸ்டாம்மா? டோக்கன் வாங்கிட்டு ஒக்காருங்க."

எட்டிப் பார்த்தேன். அம்மா நின்றிருந்தாள். வேலைக்குப் போகும் பழைய புடவை, கட்டாத தலைமுடி, கையில் போன். என்னைப் பார்த்ததும் நேராக வந்து மணிக்கட்டைப் பிடித்தாள். கையுறையோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்கம்மா" என்றேன், சத்தமாகவே.

அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் விஷயம் புரிந்தது. பஞ்சர் ஒட்டிய பிறகு அந்த ஓட்டுநர் பயணத்தை முடிக்காமலே காரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். கார் பொம்மை திரையில் இருந்த கோட்டிலிருந்து விலகி, வந்த வழியே திரும்பி, வேறெங்கோ நகர்ந்திருக்கிறது. எனக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. அம்மா ஸ்டேஷனுக்கு ஓடி, கிடைத்த ரயிலில் ஏறியிருக்கிறாள். அதுவும் வழியில் நின்றுவிட்டது. ஒருவழியாகக் கண்டோன்மென்ட்டில் இறங்கி, லேப் எங்கே என்று கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்திருக்கிறாள்.

"பொட்டி முழுக்க ஜனம்டி. எல்லார்கிட்டயும் போனக் காட்டினேன். ஒரு தம்பி போலீசுக்குப் போன் போடவான்னு கூட கேட்டுது. ரயிலு நவுரவேயில்ல. காரு மட்டும் போய்க்கினே கீது."

நான் சொல்லிக் கொடுத்த பாடத்தை அவள் பிசகாமல் நம்பியிருக்கிறாள். கார் நகர்ந்துகொண்டிருந்ததால்தான், நான் அதற்குள் உயிரோடு எங்கோ போய்க்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள்.

வேலை முடியும்வரை அம்மா அந்த நாற்காலியிலேயே இருந்தாள். நான் ரத்தம் எடுப்பதை அவள் பார்த்தது அன்றுதான் முதல் முறை. மாலையில் அவசரம் இல்லாததால் இரண்டு பேரும் ரயிலிலேயே திரும்பினோம். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கதவு திறக்காததை மறைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அவள் கிழிந்த சுடிதாரைப் பிடித்துக்கொண்டு "இது இன்னாடி?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

தன் புடவை ஊக்கைக் கழற்றி என் கிழிசலில் குத்தினாள். பிறகு, "வேலைய வுட்டுடு கண்ணு. நானு இன்னொரு வூடு சேத்துப் புடிச்சிக்கிறேன்" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள்.

சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி வெடித்திருந்த அவள் விரல்களைப் பார்த்தேன். இன்னொரு வீட்டுப் பாத்திரங்கள் அந்த விரல்களுக்கு வரக் கூடாது.

போனைத் திருப்பிக் காட்டினேன். அந்த ஓட்டுநர் மேல் மதியமே புகார் பதிந்திருந்தேன். பின்கதவின் ஓரத்தில் அந்தப் பூட்டு எங்கே இருக்கும், ஏறும் முன் அதை எப்படி விடுவிப்பது என்று வீடியோ பார்த்து வைத்திருந்தேன். ஸ்டேஷனுக்குக் கிளம்பும் முன்பே, நாளைக் காலைக்கு டாக்ஸியும் புக் செய்திருந்தேன்.