சீவலப்பேரிக்குப் போன சங்கிலி

சனிக்கிழமை காலை 9.10. பாளையங்கோட்டைப் பேருந்து நிலையத்தில் நானும் என் மனைவி எஸ்தரும் சீவலப்பேரி டவுன் பஸ்ஸில் ஏறினோம். பதினாறு கிலோமீட்டர். எனக்குப் பதினைந்து ரூபாய், பெண்களுக்குக் கட்டணமில்லை. என் மடியில் மூன்றடுக்குத் தூக்குச்சட்டி. மேலே எலுமிச்சைச் சோறு, நடுவில் துவையல், அடியில் எஸ்தர் கைக்குட்டையில் முடிந்து கொடுத்த எட்டுப் பவுன் சங்கிலி.

எஸ்தரின் தங்கை மகள் பியூலாவுக்குத் திங்கட்கிழமை கல்யாணம். மணப்பெண்ணுக்கு நகை குறைந்தால் எங்கள் சொந்தத்தில் பெரியம்மாவோ அத்தையோ கழற்றிக் கொடுப்பார்கள். கல்யாணம் முடிந்ததும் திரும்பி வரும். தங்கம் விற்கிற விலையில் காதுக்கும் கைக்கும்தான் அவர்களால் வாங்க முடிந்தது. கழுத்துக்கு எங்கள் சங்கிலியை நம்பியிருந்தார்கள். வழியில் தொலைந்தால் பிள்ளை வெறுங்கழுத்தோடு நிற்பாள். இந்தக் கவலையில் எனக்கு இரண்டு இரவு தூக்கமில்லை. எஸ்தரோ ஒரு கவரிங் சங்கிலியைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் காற்று வாங்கினாள்.

9.25. பக்கத்தில் உட்கார்ந்தவர் சீவலப்பேரிக்காரர். ஜோகன்னஸ்பர்க்கில் எலெக்ட்ரீஷியன், விடுமுறைக்கு வந்திருக்கிறார்.

“ஆப்பிரிக்காவுலயே தங்கம் ஜாஸ்தி எங்க ஊர்லதான், அண்ணாச்சி.”

நான் புவியியல் வாத்தியாராக இருந்தவன். விட மனமில்லை.

“வெட்டுறதச் சொல்லுதீரா, அரசாங்கம் கையிருப்பு வச்சிருக்கதச் சொல்லுதீரா? கையிருப்புல அல்ஜீரியாதான் முதல். நூத்தி எழுபத்துமூணு டன். உம்ம தென்னாப்பிரிக்கா நூத்தி இருபத்தஞ்சு.”

“சுரங்கம் எங்ககிட்டல்லா இருக்கு?”

“வெட்டுனதுல முக்காவாசி வித்துருதீங்க. அவன் பூட்டி வச்சிருக்கான்வே.”

எஸ்தர் திரும்பினாள். “அப்ப அந்த ஊர்ல கல்யாணத்துக்கு யாரும் இரவல் கேக்க மாட்டாகளா?”

அவர் சிரித்த சிரிப்பில் தூக்குச்சட்டி ஆடியது. இறுக்கிப் பிடித்தேன்.

“உள்ள என்ன அண்ணாச்சி, அல்ஜீரியாவா?”

“சோறு,” என்றேன்.

9.55. சீவலப்பேரி. சிற்றாறு தாமிரபரணியில் வந்து சேரும் ஊர். இருபுறமும் நடவு முடிந்த வயல். எஸ்தர் நின்று பார்த்தாள், நான் நிற்கவிடவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் கடைசி அடுக்கைத் திறந்து கைக்குட்டையை நீட்டினேன். எஸ்தர் அதை வாங்கி ஓரமாக வைத்தாள். தன் கழுத்தில் கிடந்ததைக் கழற்றிப் பியூலாவுக்குப் போட்டாள்.

“இதுதான் தங்கம். நீங்க காவல் காத்ததுதான் கவரிங்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா என் கழுத்தையேல்லா பாத்துக்கிட்டு வருவீக. உங்க முழியப் பாத்தே களவாணி கண்டுக்கிடுவான்.”

பியூலா கண்ணாடி முன்னால் நின்று சங்கிலியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். “பெரியப்பா, எடுப்பா இருக்கா?”

எங்கள் பீரோவில் ஆண்டு முழுக்க இருட்டில் கிடக்கிற சங்கிலி. அது இவ்வளவு மினுங்கும் என்று எனக்குத் தெரியாது. தலையை மட்டும் ஆட்டினேன்.

மாலை 3.40. திரும்பும் பஸ். தூக்குச்சட்டியில் இப்போது கல்யாணப் பலகாரம், ஏழு முந்திரிக்கொத்து. எஸ்தரின் கழுத்தில் கவரிங் சங்கிலி. வெயில் பட்டு, அசலைவிடக் கூடுதலாகவே மின்னியது. இரண்டு நிறுத்தம் பொறுத்தேன்.

“முந்தானைய இழுத்து மூடு. எவனாவது அறுத்துட்டுப் போயிருவான்.”

“கவரிங்தானங்க.”

“அறுத்தா வலிக்கிறது உன் கழுத்துல்லா.”

எஸ்தர் என்னைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, பாளையங்கோட்டை வரும்வரை அப்படியே வந்தாள்.