ஓரத்து அழுக்கு

ஸ்ரீரங்கம் நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறவர் அவர். கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும்.

என்னோடு கூடப் படித்தவர்கள் எல்லோரும் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். புரோகிராமிங்கை முதலிலிருந்து கற்க எந்தப் புத்தகம் நல்லது என்று அவரிடம்தான் கேட்க முடிந்தது.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க" என்றவர், ஒவ்வொரு புத்தகமாக எடுத்துத் தாள்களின் ஓரத்தைப் பார்த்தார். விரல்பட்ட அழுக்கு எல்லாவற்றிலும் முதல் ஐம்பது பக்கத்தோடு நின்றிருந்தது. ஒன்றில் மட்டும் கடைசிவரை இருந்தது.

"இதை எடுத்துட்டுப் போங்க. யாரோ ஒருத்தர் முழுசாப் படிச்சிருக்காரு."

புரியாமல் மூடிவைத்த நாள்களில் அந்த அழுக்கைப் பார்த்துத்தான் மறுபடி திறந்தேன்.

திருப்பிக் கொடுத்தபோது ஓரத்தைத் தடவிப் பார்த்து, "இப்ப ரெண்டு பேருங்க" என்றார்.

அந்த முதல் ஆள் யாரென்று கேட்காமலே வந்துவிட்டேன். என்னோடு கூடப் படித்தவர் அந்த ஒருவர்தான்.