நோவுக்கு இருபத்தாறு சொல்

ஷமீலா சிங்களம் பழகியது பள்ளிக்கூடத்தில் அல்ல. வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றிய தொண்ணூறாம் ஆண்டு, ஐந்து வயதில், வாப்பாவோடும் உம்மாவோடும் முல்லைத்தீவை விட்டு வெளியேறிப் புத்தளத்து ஓலைக் கொட்டில் ஒன்றில் வளர்ந்தவள். தண்ணீர்க் குழாயடியில் சிங்களப் பெண்களோடு வரிசையில் நின்று நின்றே அந்தப் பேச்சு வாயில் ஏறிவிட்டது. ஊர் திரும்பிய பிறகு அதுவே பிழைப்பாயிற்று: பிள்ளைகளுக்கு ரியூசன், ஆட்களுக்குக் கடிதம் மொழிபெயர்ப்பு.

விசுவமடுப் பக்கத்துச் சிறிய ஆஸ்பத்திரி ஒன்றின் டொக்டர் நிரஞ்சன் ஒருநாள் அவளைக் கூப்பிட்டார். “தெற்கிலயிருந்து மூண்டு நேர்ஸ்மார் வந்திருக்கினம். தமிழ் படிப்பிச்சு விடுவீங்களோ?”

“ஓம் டொக்டர்” என்றாள். படிப்பிக்கப் புத்தகமும் இருந்தது. முதற்பாடம் ‘இது மரம்’. ஆறாம் பாடம் ‘உங்களுக்கு எங்கே வலிக்கிறது?’ ஒன்றரை மாதத்தில் மூவரும் எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். மாத்தறையிலிருந்து வந்த நிலூகாவின் தமிழ்க் கையெழுத்து ஷமீலாவின் கையெழுத்தைவிட அழகு. எல்லாம் சரியாகத்தான் போகிறது என்று ஷமீலா நினைத்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை நேரத்தோடே போய்விட்டாள். வெளிநோயாளர் பகுதியில் நிலூகா, தங்கம்மா என்ற அறுபது வயதுக்காரியிடம், புத்தகத்தில் உள்ளபடியே ஓர் எழுத்துப் பிசகாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். தங்கம்மா மலையகத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டித் தோட்டம் செய்தவள்.

“ராவெல்லாம் காலு கொடையுதுங்க மிஸி. விடிஞ்சா ரெண்டு காலும் மரத்துப் போகுது.”

நிலூகாவின் முகம் மலர்ந்தது. ஒரு சொல் பிடிபட்டுவிட்டது. “மரத்திலிருந்து விழுந்தீர்களா?”

“ஆத்தாடி! இந்த வயசுல நான் எங்கங்க மரம் ஏற?”

வரிசைக்குக் காத்து நீள வாங்குப் பலகையில் இருந்த சனமெல்லாம் கொல்லென்று சிரித்தது. ஷமீலாவும் சிரித்துவிட்டாள். நிலூகாவின் காது சிவந்ததைக் கண்ட பிறகுதான் சிரிப்பை நிறுத்தினாள். முதற்பாடத்தில் ‘மரம்’ என்று சொல்லிக்கொடுத்தவளே ஷமீலாதான். அப்படியானால் இந்தச் சனம் உண்மையில் என்னதான் சொல்கிறது? அன்று முழுக்க அந்தக் கேள்வி அவளை விடவில்லை.

மறுநாள் டொக்டரிடம் போனாள். “ஒரு கிழமைக்கு அந்த வாங்கில இருந்து கேக்கலாமா டொக்டர்? ஆற்ற பேரும் எழுதமாட்டன். சொல்லை மட்டும் எழுதுறன்.”

“என்னத்துக்கு?”

“புத்தகத்தில இருக்கிற வருத்தக்காரர் ஒருத்தரும் இஞ்ச வாறதில்லை.”

அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். ஷமீலா ஒரு கொப்பியோடு போய் இருந்தாள். பக்கத்தில் இருந்தவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டே எழுதினாள். சொன்னதும் அவர்கள் போட்டிபோட்டுச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ‘வலிக்கிறது’ என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. தலை இடிக்குது, வயிறு கொளுவிப் பிடிக்குது, நெஞ்சு கரிக்குது, முதுகு உளையுது, கண் அரிக்குது, கால் விறைக்குது, மேல் அலுப்பாக் கிடக்கு, ஒண்டும் ஏலாமல் கிடக்கு. கிழமையின் ஏழு நாளும் முடிய இருபத்தாறு சேர்ந்தன. இன்னொன்றையும் கவனித்தாள். ‘எங்கே’ என்று கேட்டால் யாரும் இடத்தைச் சொல்வதில்லை. “முந்தநாள் வேலி அடைக்கேக்கை...” என்று கதையாகத் தொடங்கி, நோவுக்கு வர ஐந்து நிமிடம் எடுக்கும். நேர்ஸ்மாருக்குத் தேவை கேள்வி அல்ல, காது.

இருபத்தேழாவது சொல் அவளுக்கே விளங்கவில்லை. ஞானேஸ்வரி என்ற பெண், “நெஞ்சு பதகளிக்குது” என்றாள். புத்தளத்தில் வளர்ந்த ஷமீலாவின் தமிழில் அந்தச் சொல் இல்லை.

“அதெண்டால் எப்பிடி அக்கா? நோகுமா?”

“நோ இல்லைப் பிள்ளை.” ஞானேஸ்வரி உள்ளங்கையை நெஞ்சில் வைத்து, விரல்களைக் கோழிச் சிறகு போலப் படபடவென்று அடித்துக் காட்டினாள். “சும்மா குசினியில சமைச்சுக்கொண்டு நிப்பன். ஆரோ பின்னால ஓடிவாற மாதிரி இருக்கும். திரும்பிப் பார்த்தா ஒருத்தரும் இல்லை.”

ஷமீலா அதை இருபத்தாறோடு சேர்க்காமல் தனிப் பக்கத்தில் எழுதினாள்.

அடுத்த வகுப்பில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, நேர்ஸ்மாரிடம் சிங்களத்தில் கேட்டாள்: உங்கள் வீட்டில் அம்மாமார் நோவை எப்படிச் சொல்வார்கள்? மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு அணை உடைந்த மாதிரி வந்தது. றிதெனவா, கெக்கும, தனவா, ஹிரி. ஷமீலா சுவரில் ஓர் ஆளை வரைந்து, இரண்டு பாஷைச் சொற்களையும் அந்தந்த உறுப்பில் ஒட்டினாள். நோவுக்குப் பக்கத்தில் றிதெனவா. உளைவுக்குப் பக்கத்தில் கெக்கும. எரிவுக்குப் பக்கத்தில் தனவா. விறைப்புக்குப் பக்கத்தில் ஹிரி. தங்கம்மாவின் ‘மரத்துப் போகுது’ம் அங்கேயே. பதகளிப்புக்கு மட்டும் ஒட்ட ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் ஞானேஸ்வரியின் கையைப் போலச் செய்து காட்டினாள். நிலூகா தன் நெஞ்சில் கைவைத்துத் தானும் ஒருமுறை செய்து பார்த்தாள்.

அதற்குப் பிறகு ஒருநாள் வரிசையில் நின்ற ஒரு பெண் நெஞ்சில் கைவைத்து அப்படியே விரல்களை அடித்துக் காட்டியபோது, நிலூகா கேள்வி கேட்கவில்லையாம். கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு, “இருங்கோ அம்மா, ஆறுதலாச் சொல்லுங்கோ” என்றாளாம். டொக்டர்தான் ஷமீலாவிடம் சொன்னார்.

ஆனால் ஒரு சிக்கல் முளைத்தது. அரசாங்க மொழிப் பரீட்சை நெருங்கியது. “டீச்சர், சோதனையில ‘நோகுது’ எழுதினா புள்ளி குறைப்பாங்க” என்றாள் நிலூகா. சோதனையில் தேறுவதும் தேவைதானே? ஷமீலா வகுப்பை இரண்டாகப் பிரித்தாள். செவ்வாயில் வாங்குத் தமிழ், சனியில் சோதனைத் தமிழ். இருவர் தேறினார்கள். நிலூகா எழுத்துப் பரீட்சையில் தவறிவிட்டாள். ஒருநாள் அழுதாள். மறுகிழமை கொப்பியோடு வந்து, இனி என்ன படிக்க வேண்டும் என்று தானே ஒரு பட்டியல் நீட்டினாள்.

முதல் வரியைப் பார்த்ததும் ஷமீலாவுக்கு வியப்பு. வாடகை வீட்டு அம்மா மூன்றாம் முறையும் சோறு போட வரும்போது எப்படி மறுப்பது? ‘வேண்டாம்’ என்றால் அவாவின் முகம் வாடிவிடுகிறதாம்.

“போதும் எண்டதுக்கு இஞ்ச ‘காணும் அம்மா’ எண்டு சொல்லுங்கோ” என்றாள் ஷமீலா. “சொல்லேக்கை சோத்துக் கோப்பைக்கு மேல கையை வையுங்கோ. இல்லாட்டில் நம்பமாட்டா.”

நிலூகா எழுதிக்கொண்டு, அடுத்த வரிக்குப் பேனையைக் கொண்டுபோனாள்.