டாக்டர் சொல்லாத தலைப்பு

மருத்துவமனையின் பின்பக்கம், ஜெராக்ஸ் மெஷினுக்கும் கால் உடைந்த நாற்காலிகளுக்கும் நடுவே அக்காவின் மேஜை. அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவளைவிடப் பெரியவரான வாட்ச்மேன் உட்பட. காதில் ஹெட்போன், காலடியில் பெடல். ரெக்கார்டரில் நோயாளிகளைப் பற்றி டாக்டர்கள் பேசி வைத்ததைக் கேட்டு டைப் அடிப்பது அவள் வேலை. பெடலை மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் வாயை மூடுவார். டாக்டர்களின் மனைவிமார்களுக்கே கிடைக்காத வசதி.

வேலையில் உயிரை வாங்குவது தலைப்புகள்தான். "தலைப்பு, நோய் வரலாறு" என்று டாக்டர் தனியாகச் சொல்ல வேண்டும். யார் சொல்கிறார்கள்? ஒருவர் தலைப்பைக் கொட்டாவியோடு விழுங்குவார். இன்னொருவர் நிற்காமல் ரயில் விடுவார். மூக்கு டாக்டர் மட்டும் தேவலை. அவர் பார்ப்பது வயிறு. ஒவ்வொரு தலைப்புக்கு முன்னாலும் மூக்கால் ஒரு மூச்சு இழுப்பார், அதனால் அந்தப் பேர். மூச்சு கேட்டதும் அக்கா அடுத்த வரிக்குத் தாவி, தலைப்பைத் தடித்த எழுத்தில் அடிப்பாள். வரலாறு, பரிசோதனை, முடிவு, சிகிச்சை. நாலு மூச்சு, நாலு தலைப்பு. டாக்டர் சொல்லாத தலைப்பைப் போடக்கூடாது என்பது அங்கே சட்டம். பத்தொன்பது வருஷமாக அவள் அதை மீறியதில்லை.

அன்று காலை மூக்கு டாக்டர் ஒரு பெயரைச் சொன்னதும் அவள் கால் பெடலிலிருந்து நழுவியது. அவள் தம்பியின் பெயர். வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். இரண்டு மாதமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலைகிறான்.

மூச்சு, வரலாறு. மூச்சு, பரிசோதனை. மூச்சு, முடிவு. முடிவில் சொன்னதை அடிக்கும்போது விரல்கள் தப்பே செய்யவில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. நாலாவது மூச்சுக்காகக் காத்திருந்தாள். "அவ்வளவுதான்" என்றார் டாக்டர். டொக்கென்று ரெக்கார்டர் நின்றது.

பின்னால் ஓட்டிக் கேட்டாள். ஏழு தடவை கேட்டும் மூச்சு வரவில்லை. பிறகு "சிகிச்சை" என்று தானாகவே தடித்த எழுத்தில் அடித்து, கீழே நாலு வரி இடம் விட்டு, கையெழுத்துக்கு அனுப்பினாள். இடம் இருந்தால் டாக்டர் எதையாவது எழுதிவிட மாட்டாரா?

மதியம் மேற்பார்வை மேடம் காகிதத்தோடு வந்தார். சாதாரணமாகக் கத்துகிறவர், அன்று குரலையே காணோம்.

"இந்தத் தலைப்பை யாரு போடச் சொன்னது?"

"மறந்திருப்பாரு மேடம். அவசரத்துல..."

"மறக்கலைக்கா. நானே போய்க் கேட்டுட்டேன்."

"ஒரு மாத்திரைகூடவா இல்ல?"

"வலிக்குத் தருவாங்க. அது சிகிச்சைக் கணக்குல வராதாம். எடுத்துடுங்க."

தலைப்பை எடுக்க ஒரு நொடி. நாலு வரி இடத்தை ஒவ்வொன்றாக எடுத்தாள். டாக்டரின் கையெழுத்துக்கான கோடு ஒவ்வொரு படியாக மேலே ஏறி, முடிவுக்குக் கீழே ஒட்டிக்கொண்டது.

கையெழுத்தாகி வந்த காகிதத்தோடு வராந்தா பெஞ்சில் தம்பி உட்கார்ந்திருந்தான்.

"என்னக்கா, என் சரித்திரத்தை நீதான் அடிச்சியா? நல்லா இருந்திருக்குமே, விழுந்து விழுந்து சிரிச்சிருப்பியே!"

"வாயை மூடுடா. குடு, நான் படிக்கிறேன்."

"பொடி எழுத்தெல்லாம் நமக்கு ஆகாது. பெரிசா இருக்கறத மட்டும் பார்த்துக்கறேன்." விரலை வைத்து எண்ணினான். பக்கத்தில் இருந்தவரின் காகிதத்தையும் எட்டிப் பார்த்தான். "அவருக்கு நாலு இருக்கு. எனக்கு மூணுதான் போட்டிருக்கே. கஞ்சப்பிசினாரி."

அவள் காகிதத்துக்குக் கை நீட்டினாள். அவன் மறுபடி எண்ணினான். இந்த முறை மெதுவாக. அப்புறம் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "டீ வாங்கித் தரியா?" என்றான்.